போட்டோ நல்லாத்தான் கீது!

நம் ஊரில் ஒரு போட்டோவைப் பார்த்துக் கருத்துச் சொல்ல இரண்டே வழிதான். பிடித்தவர் எடுத்திருந்தால் 'சூப்பர்'. பிடிக்காதவர் எடுத்திருந்தால், 'கேமரா என்ன விலை?'

இந்த இரண்டையும் கேட்டுவிட்டு அடுத்த போட்டோவை நன்றாக எடுக்க முடியாது. டாக்டரிடம் போய் நாக்கை நீட்டுகிறீர்கள். அவர் பார்த்துவிட்டு, 'சூப்பர்' என்று சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொட்டிவாக்கம் கடற்கரைக்கு வந்து பாருங்கள். படகை விடக் கேமரா அதிகமோ என்று சந்தேகம் வரும். ஓ.எம்.ஆரில் ஐந்து நாள் ஆபீஸ் விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள், ஆறாம் நாள் தூங்கிவிட்டு, ஏழாம் நாள் சூரியனைத் தேடி வருகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நம்ம ஊர்ச் சூரியன் கடலிலிருந்து எழுகிறவர். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். கரையேறி வரும் மீனவருக்கு முதுகில் வெளிச்சம், முகத்தில் நிழல். கேமராவோ பளீரென்ற வானத்தை அளந்து பார்த்து மிரண்டுபோய், வெளிச்சத்தை இன்னும் குறைத்துக்கொள்ளும். விளைவு: ஆரஞ்சு வானம், நடுவே தார் பூசிய ஓர் உருவம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்படி ஒரு படத்தை என்னிடம் காட்டினான். ஆபீசில் நாற்பது பேர் சூப்பர் சொல்லியாகிவிட்டது. நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, ஆளின் முகம் தெரியவில்லை. இரண்டு, அடிவானக் கோடு சரியாக அவர் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி ஓடுகிறது.

"இல்ல சார், அது சில்லவுட். வேணும்னேதான் எடுத்தேன்."

"கழுத்து?"

"அதுவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அசல் விமரிசனம் படத்தில் இருந்தவரிடமிருந்தே வந்தது. குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் பையன் ஆசையாக நீட்டினான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தான் கீது தம்பி. இதுல நான் எங்க கீறேன்?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடினார். அதுதான் சங்கடம். நாற்பது சூப்பரும் அந்த ஒரு கேள்வியில் அடித்துக்கொண்டு போயிற்று.

மறு வாரம் பையன் பாண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். இளவெயில் இப்போது மீனவரின் முகத்தில். அவருக்குப் பின்னால் மணலும் படகுகளும். அடிவானமும் கழுத்தை விட்டுத் தொலைந்தது. இரண்டு தோஷத்துக்கும் ஒரே பரிகாரம்! பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். "ஆங்... இப்ப கீறேன்" என்றாராம்.

இதற்காக இருட்டே கூடாது என்று சட்டம் போட்டுவிட வேண்டாம். 1987-ல் 'நாயகன்' வந்தது. மணிரத்னம் படத்துக்கு டார்ச் லைட்டோடு போக வேண்டும் என்று அந்த நாளில் ஜோக் அடிக்காதவர்கள் குறைவு. பி.சி. ஸ்ரீராமின் அதே ஒளிப்பதிவுக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. அவருடைய இருட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. ஜன்னல் இருந்தால் ஜன்னலிலிருந்து, விளக்கு இருந்தால் விளக்கிலிருந்து வெளிச்சம். காட்ட வேண்டியது தெரிந்தது. இருட்டு தப்பில்லை, அதில் ஆள் தொலைந்து போனால்தான் தப்பு.

இப்படிக் கருத்துச் சொல்வது சென்னைக்குப் புதிதும் இல்லை. 1855-ல் மதராசில் நடந்த கண்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 68 போட்டோக்களை வைத்தார். எல்லாம் அதுவரை யாரும் போட்டோ எடுக்காத கோயில்கள். காகிதத்தில் எடுத்த காட்சிகளில் இதுவே சிறந்த வரிசை என்றது நடுவர் குழு. கவனியுங்கள், வெறும் சூப்பர் இல்லை. எதில் சிறந்தது என்று சொன்னார்கள். ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்ட்டர், போட்டோகிராபிக்கென்றே இங்கே சங்கமும் தொடங்கினார். ட்ரைப் அரசாங்க போட்டோகிராபர் ஆனார். அந்தக் கால நெகடிவில் வானம் வெறிச்சென்று விழும். ட்ரைப் நெகடிவின் மேலேயே வர்ணம் தடவி மேகங்களை வரவழைத்தார். தன் படத்துக்குத் தானே குறை கண்டுபிடித்த மனிதர்! 1859-ல் புது கவர்னர் ட்ரெவெலியன் வந்தார். கஜானா இருக்கும் நிலைமையில் இது ஆடம்பரம் என்று வேலையையே மூடிவிட்டார். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வகைக் கருத்தும் பழக்கம்தான்.

ஆகவே நண்பர் போட்டோவை நீட்டினால் மூன்றே விஷயம் சொல்லுங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று? வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறதா? ஓரத்தில் எதைக் கையால் மறைத்தால் படம் இன்னும் நன்றாக இருக்கிறது? கடைசியாக, நாளைக்கே செய்து பார்க்கிற மாதிரி ஒன்று: 'ரெண்டடி இடது பக்கம் தள்ளி நின்னு பாரேன்.' தயவுசெய்து, 'படத்துல ஒரு ஜீவன் இல்லப்பா' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு எந்தக் காலை எங்கே நகர்த்துவது?

கருத்தை வாங்கிக்கொள்பவருக்கு ஒரே விதி. வாயைத் திறக்காதீர்கள். 'மேகம் வந்துருச்சு', 'அதுக்குள்ள அவர் திரும்பிட்டார்' எல்லாம் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் படத்தைச் சுவரில் மாட்டிய பிறகு, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்ல நீங்களும் பக்கத்தில் தொங்க முடியாது. ஆணி ஒன்றுதான்.