ஊமை எழுத்தா, அசையின் விளைவா?

உதரவிதானத்தின் ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டலின்படி 'டயஃப்ரக்ம்' என்று ஒலிக்கும் மாணவர், உடற்கூறியல் வகுப்பில் சிரிப்புக்கு ஆளாகிறார். தமிழ்வழியில் பயின்று வந்தவராயின், விடை தெரிந்தும் வாய்மொழித் தேர்வில் வாய் திறக்கத் தயங்கும் நிலைக்கு அச்சிரிப்பே அவரைத் தள்ளிவிடக்கூடும். 'அந்த ஜி ஊமை எழுத்து, மனப்பாடம் செய்துகொள்' என்று மட்டுமே அவருக்குச் சொல்லப்படுகிறது. அது விளக்கமே அன்று.

கிரேக்க மூலம் 'தியாஃப்ரக்மா'. 'தியா' என்பது ஊடே, குறுக்கே என்று பொருள்படும், 'ஃப்ரக்மா' வேலி. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது. தி-அ-ஃப்ரக்-மா என அது நான்கசைச் சொல். (இங்கு அசை என்பது ஒலியியல் அசை, நேர், நிரை அன்று.) ககரம் மூன்றாம் அசையை முடிக்க, மகரம் நான்காவதைத் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஈற்று உயிர் மறைந்தது. தாங்கும் உயிரை இழந்த மகரம் முந்தைய அசையோடு ஒட்ட, இரு மெய்களும் ஓரசையின் ஈற்றில் நெருங்கின. ஆங்கில அசையீறு அம்மயக்கத்தை ஏற்பதில்லை. எனவே டை-அ-ஃப்ரம் என மூன்றசையாய் ஒலிக்கிறது.

பெயரடை விகுதி ஏறியதும் மகரத்திற்கு மீண்டும் ஓர் உயிர் கிடைக்கிறது; 'டயஃப்ரக்மாட்டிக்' என்பதில் ககரம் தெளிவாகவே ஒலிக்கிறது. சளியைக் குறிக்கும் 'ஃப்ளெம்' 'ஃப்ளெக்மாட்டிக்' ஆவதும், 'பாரடைம்' 'பாரடிக்மாட்டிக்' ஆவதும் இவ்வாறே. பிரெஞ்சு மொழியோ சொல்லீற்றிலும் அந்தக் ககரத்தை ஒலிக்கிறது. அங்கே எவரும் சிரிப்பதில்லை.

தமிழும் இதே இடர்ப்பாட்டைச் சந்தித்த மொழிதான். பத்மம் பதுமமானது, ருக்மிணி உருக்குமணியானாள். ஆங்கிலம் ஒரு மெய்யை நீக்கியது, தமிழ் ஓர் உயிரைச் செருகியது. உருக்குமணியைத் தவறென்று எந்த ஆசிரியரும் திருத்துவதில்லை.

ஆங்கில உரையாடலில் வழக்கிலுள்ள ஒலிப்பை மாணவர் கற்கவே வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் காரணம் சொல்லிக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும். அசைக்கோட்பாட்டை ஆய்வேடுகளுக்குள் பூட்டி வைத்திருக்கும் மொழியியல் துறைகளுக்கும் இதில் பொறுப்புண்டு. முதலாண்டு வகுப்பின் கரும்பலகையில் பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் அருகருகே எழுதி, அசைகளுக்கிடையே கோடிட்டுக் காட்டினால், ககரம் எங்கே போனது என்பதை மாணவரே சொல்லிவிடுவார்.