ஊருக்கு வடிகால், உழவனுக்குச் சாக்கடையா?



போன நவரைக்கு ஏரி மதகைத் திறந்த அன்றைக்குக் கரையில் நின்றவர்களுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறோம். மதகைத் தூக்கியும் தண்ணீர் வரவில்லை. நீர்க்கட்டி பெரியவர் உள்ளே இறங்கிக் கையை விட்டுத் துழாவினார். கேரிபேக், பிள்ளைகளுக்குக் கட்டித் தூக்கிப் போட்ட நாப்கின், கோழிக்கடை இறகு மூட்டை, பிஞ்சுபோன செருப்பு என்று அள்ளி அள்ளிக் கரையில் போட்டார். அரை நாள் ஆச்சு. அப்புறம் வந்தது. வந்தது தண்ணீரா? கருகருவென்று, மேலே நுரை கட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டிய ஒன்று வந்தது. வாய்க்கால் ஓரம் கட்டியிருந்த மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மாட்டுக்குத் தெரிந்தது மன்றத்துக்குத் தெரியவில்லை!

இது எங்கிருந்து வருகிறது? பேருந்து நிறுத்தத்திலிருந்து கடைத்தெரு வழியாகக் கட்டினார்களே, மழைநீர் வடிகால், அதிலிருந்துதான் வருகிறது. பூமி பூஜை போட்டார்கள், பேனர் வைத்தார்கள், தலைக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். நாமும் வாங்கித் தின்றோம், அதையும் ஒத்துக்கொள்கிறோம். மழைநீர் வடிகால் என்று பேர். நம்ம ஊரில் வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்கிறது? வடிகாலில் மட்டும் 365 நாளும் ஓடுகிறதே, அது எந்த மேகத்திலிருந்து பெய்கிறது? ஓட்டல்காரர் கழுவி ஊற்றுவது, கல்யாண மண்டபத்து எச்சில், வீட்டுக் குளியலறைத் தண்ணீர், சில இடங்களில் செப்டிக் டேங்கிலிருந்தே நேராக விட்ட குழாய். எல்லாம் சேர்ந்து கடைசியில் விழுகிற இடம் நம் ஏரியின் வரத்துக்கால்வாய். திட்டத்தின் பேர் ஆட்சிக்கு ஆட்சி மாறும். விழுகிற இடம் மட்டும் மாறுவதே இல்லை.

கேட்டால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "சாக்கடையில் சத்து இருக்குதுய்யா, உங்களுக்கு யூரியா மிச்சம்தானே" என்கிறார் ஒரு பெரிய மனுஷர். ஐயா, நீங்கள் ஒரு போகம் வந்து பயிர் வைத்துப் பாருங்கள்! தழைச்சத்து மிஞ்சினால் நெல்லுக்கு என்ன ஆகும் என்று நடவு நடும் பெண்ணைக் கேட்டால் சொல்லும். பயிர் கருகருவென்று தழைக்கும், பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் தண்டு வலுவில்லாமல் ஒரு காற்றுக்குப் படுத்துவிடும். குலைநோய் வரும், புகையான் வரும். மருந்துக்கடைக் கணக்கு ஏறும். கதிரைத் தடவினால் பாதி பதர். யூரியாவில் மிச்சம் பிடித்ததைப் பத்து மடங்காக மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம். நாற்று பறிக்கப் போகிற பெண்களின் காலைப் பாருங்கள். விரல் இடுக்கெல்லாம் புண், ராத்திரி முழுக்க அரிப்பு. ஒருநாள் கூலியில் பாதி களிம்புக்குப் போகிறது. கூலியை ஏற்றிக் கொடுத்தாலும் ஏரிக்கடி வயலுக்கு ஆள் வர மாட்டேன் என்கிறது. ஆள் மேல் என்ன தப்பு?

ஏரிக்குள் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. சாக்கடைச் சத்து போகிற இடமெல்லாம் அது போகும். முன்பு மீன் குத்தகை எடுத்தவர்கள் இப்போது ஏரிப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, மனு கொடுத்தோமா? கொடுத்தோம். பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்தால், "ஏரி எங்களுது இல்லை, நீர்வளத்துறையைப் பாருங்க" என்கிறார்கள். அங்கே போனால், "வடிகால் கட்டினது நாங்களா? பேரூராட்சியைக் கேளுங்க" என்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக்குப் போனோம், ரசீது கொடுத்தார்கள். மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்ப்பு நாளில் எழுந்து நின்று பேசினோம், "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலர் யார்? அதைத் தெரிந்துகொள்ள 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்று 2005 சட்டம் சொல்கிறது. நாள் கடந்து ஒரு கடிதம் வந்தது: தங்கள் மனு வேறு துறைக்கு மாற்றப்பட்டது! நம்ம ஏரித் தண்ணீரைவிட நம்ம மனுதான் அதிக தூரம் ஓடியிருக்கிறது.

ஏரி யாருடையதாகவும் இருக்கட்டும். சாக்கடையை நீர்நிலையில் விடக் கூடாது என்று 1974-லேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் போட்டாயிற்று. தனி மனிதன் விட்டாலும் குற்றம், பேரூராட்சி விட்டாலும் குற்றம். ஏரிக்கரை ஓரம் குப்பை கொட்டி ராத்திரியில் கொளுத்துகிறார்களே, அதற்கும் விதி உண்டு. குப்பையைத் தரம் பிரித்துக் கையாள வேண்டும் என்று 2000-ஆம் வருஷமே விதி வந்துவிட்டது. 2016-இல் வந்த விதி, குப்பைக் கிடங்கு குளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கணும் என்றது. நம்ம ஊரில் கிடங்குக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு கரைதான். ஒரு தடவை பலமாக மழை அடித்தால் அந்தக் கரையும் கிடையாது. தள்ளுவண்டி இழுக்கிற தூய்மைப் பணியாளர்கள் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. கையுறைகூடச் சரியாகத் தராமல் ஒப்பந்தக் கூலிக்கு வேலை வாங்குகிறார்கள். கொட்டச் சொன்ன இடத்தில் அவர்கள் கொட்டுகிறார்கள். கொட்டச் சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி.

கடைத்தெரு அண்ணன்மார்களே, தெருவில் குடியிருக்கும் தாய்மார்களே! இது ஏதோ ஆயக்கட்டுக்காரன் பிரச்சினை என்று நினைத்து இந்த நோட்டீசை மடித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பேரூராட்சியின் குடிநீர்க் கிணறு எங்கே இருக்கிறது? ஏரிக்குள்ளே, நீர்ப்பிடிப்பு ஓரத்தில்! காலையில் நீங்கள் கழுவி விட்டதை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து, பிளீச்சிங் பவுடர் போட்டு உங்களுக்கே குடிக்கக் கொடுக்கிறார்கள். அதனால்தான் தெருவுக்குத் தெரு கேன் தண்ணீர் வண்டி ஓடுகிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றினார்களே, 600 சதுர அடிக்குள் இருக்கிற சின்ன வீட்டுக்கே 25 சதவீதம் ஏறியது. வரியும் கட்டி, கேனும் வாங்கி, கொசுவத்தியும் கொளுத்துகிற நீங்களும் எங்களோடுதான் நிற்க வேண்டும்.

"ஊர் வளர வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வளரட்டும். நாங்களும் இந்த ஊர்தான், எங்கள் பிள்ளைகளும் இந்தத் தெருவில்தான் நடக்கிறார்கள். வடிகால் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடைசியில் சுத்திகரிப்பு இல்லாத வடிகால் வேண்டாம் என்கிறோம். வாசலைப் பெருக்கிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் தள்ளுவதற்குப் பேர் சுத்தமா?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி இருக்கிறது. அதுவும் நம்மைப் போல ஒரு பேரூராட்சிதான். அங்கே செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் மலக்கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி நடத்திக் காட்டியிருக்கிறார்கள். செப்டிக் டேங்க் கழிவை எப்படிக் கையாள வேண்டும் என்று மாநில அரசே 2014-இல் வழிகாட்டி போட்டது. நம்ம ஊரில் அந்த லாரி ராத்திரி பதினொரு மணிக்கு லைட்டை அணைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வருகிறது. காசு இல்லை என்ற பாட்டும் வேண்டாம். 2021 முதல் 2026 வரைக்கும் 15-ஆவது நிதிக்குழு உள்ளாட்சிக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிப் போட்ட பணம். நம்ம பேரூராட்சிக்கு வந்தது எவ்வளவு, எந்த வேலைக்குப் போனது? வெள்ளைத்தாளில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுங்கள்.

இந்தக் கேள்வியை எங்கே நின்று கேட்பது? இங்கேதான் பெரிய கோளாறு இருக்கிறது. பக்கத்து ஊராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்தது, 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு நாள். நடக்கிற லட்சணம் எப்படியும் இருக்கட்டும், எழுந்து நின்று "கணக்கைக் காட்டு" என்று கேட்க ஒரு பாய் விரித்த இடம் உண்டு. தீர்மானம் போடச் சொல்லலாம். பேரூராட்சியில் இருக்கிற நமக்கு அது கிடையாது. ஏர் ஓட்டுகிறோம், மாடு மேய்க்கிறோம், ஆனால் காகிதத்தில் நாம் நகரவாசி! நூறு நாள் வேலையும் நமக்கு இல்லை. 2005 சட்டமும் சரி, அதை எடுத்துவிட்டு 2025 டிசம்பரில் கொண்டுவந்த 125 நாள் சட்டமும் சரி, ஊரகப் பகுதிக்கு மட்டும்தான். 2004-இல் பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சி என்று மாற்றினார்கள், 2006-இல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். போர்டு எழுதுகிற பெயிண்டருக்கு இரண்டு தடவை வேலை கிடைத்தது. நம்மிடம் யாராவது கேட்டார்களா?

நகர்ப்புறத்துக்கும் ஒரு சபை வேண்டும் என்று போராடிப் போராடி, 2022 ஜூனில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் கூட்டம் நடத்தினார்கள். நம்ம ஊரில் எப்படி நடந்தது? நாலு பேர் நாற்காலி, ஒரு போட்டோ, ஒரு டீ. தண்டோரா இல்லை, நோட்டீஸ் இல்லை. கேள்வி கேட்க எழுந்த ஆயக்கட்டுக்காரரை "ஏரி விஷயம் இங்கே பேசக் கூடாது" என்று உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் அப்படி ஒரு கூட்டம் நடந்ததாக நம் வார்டுகளில் யாருக்கும் தெரியாது. கவுன்சிலர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அந்த உத்திரமேரூரும் இன்றைக்கு ஒரு பேரூராட்சிதான். 1,100 வருஷத்துக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், அங்கே ஏரி வாரியம் என்று தனியாகவே ஒன்று இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலையில் எழுதவே கூடாது, அவன் நெருங்கிய சொந்தக்காரன் பெயரையும் எழுதக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அது நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை, உழுதவனுக்கு அதில் இடமில்லை என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். கணக்குக் காட்டாதவனை என்ன செய்வது என்ற அந்த ஒரு விதியை மட்டும் நம்ம மன்றத்துக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். வடிகாலின் கடைசி முனையை வரத்துக்கால்வாயிலிருந்து உடனே துண்டிக்க வேண்டும். சுத்திகரிப்புக்கு இடம் இல்லை என்று சொல்லாமல், சந்தைமேட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற புறம்போக்கை அளந்து எடுக்க வேண்டும். கரையோரக் குப்பையை அள்ளிக் கிடங்கை மாற்ற வேண்டும். ராத்திரி லாரியைப் பிடித்து வழக்குப் போட வேண்டும், அதில் கவுன்சிலர் சொந்தக்காரர் லாரி, அடுத்தவர் லாரி என்ற பேதம் கூடாது. குடிநீர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பதினைந்து வார்டிலும் தண்டோரா போட்டுப் பகுதி சபையைக் கூட்ட வேண்டும். நீர்வளத்துறை அலுவலரும் செயல் அலுவலரும் ஒரே நாளில் ஒரே பந்தலில் உட்கார வேண்டும். அப்போதுதான் இவரைக் கை காட்டி அவரும், அவரைக் கை காட்டி இவரும் தப்பிக்க முடியாது. அடுத்த மதகுத் திறப்புக்கு முன் இது நடக்காவிட்டால், வடிகால் முனையை மண் போட்டு நாங்களே அடைப்போம். அன்றைக்குச் சாக்கடை கடைத்தெருவில் ஏறி நின்றால் அதற்குப் பேரூராட்சி நிர்வாகமே பொறுப்பு. இதை எழுத்தில் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டோம்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பேரூராட்சி அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். ஏரிக்கடி ஆயக்கட்டுக்காரர்கள் கரைப் பிள்ளையார் கோயிலில் 9 மணிக்கே கூடுகிறோம், அங்கிருந்து நடந்தே போகிறோம். நாற்று நடவு இருக்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். வரும்போது அவரவர் வாய்க்கால் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மேலே வயல் பெயரை எழுதி எடுத்து வாருங்கள். தெருக்காரர்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வாருங்கள். எல்லாவற்றையும் மன்றக் கூட்ட மேஜையில் வரிசையாக வைப்போம். குடிக்கச் சொல்வோம்.

திரண்டு வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கம், ஏரிப் பாசனக் கிளை