ஈட்டிக்குத் தடை, வலைக்கு அனுமதி

1963 இல் இரண்டு தீவுகள் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தன. ஒன்று பிரான்சின் தென்கரையிலுள்ள போர்குரோ, மற்றது நிலாவெளிக்கு முன்னாலுள்ள புறாத்தீவு.

போர்குரோவில் தொடக்கத்திலேயே கடலும் சேர்க்கப்பட்டது. அப்போது அங்கே கலவாய் அருகிப்போயிருந்தது. ஈட்டித் துப்பாக்கியோடு இறங்கும் சுழியோடி பெரிய மீனைத்தான் குறிவைப்பார். அங்குள்ள கலவாயோ முதலில் பெண்ணாக இருந்து, பல வருடம் வளர்ந்த பிறகே ஆணாக மாறும். பெரியவற்றையே கொன்றுகொண்டிருந்தால் ஆண் மீன் மிஞ்சாது. ஈட்டி வேட்டை தடைசெய்யப்பட்டது. இன்று கலவாய்கள் நூற்றுக்கணக்கில். ஆனால் சிறு கடற்றொழிலாளரை வெளியேற்றவில்லை. கட்டுப்பாடுகளுடன் இன்றும் வலை போடுகிறார்கள்.

புறாத்தீவில் முதலில் காக்கப்பட்டவை பறவைகள்தான். 2003 இல் தேசிய பூங்காவானபோதே பவளப்பாறைக் கடலும் உள்ளே வந்தது. பறவைக்குக் கிடைத்த காவல் மீனுக்குக் கிடைக்க 40 வருடம்! இப்போது அங்கே மீன்பிடிக்க முடியாது; சுற்றுலாப் பயணிகளோ படகு படகாக வந்து பாறையை மிதிக்கிறார்கள். உயர் பாதுகாப்பு வலயங்களால் கரையை இழந்த மக்களுக்கு இது இன்னொரு தடைப்பலகையாகத்தான் தெரியும். கலவாய் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதுவரை வருமானம் இழப்பவர் யார் என்பதை வனஜீவராசிகள் திணைக்களம் கடற்றொழிலாளர் சங்கங்களோடு இருந்து பேச வேண்டும்.