காத்திருப்பதும் வேலைதான்

எங்கள் கிராமத்துப் பெண்ணொருத்தி தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள் என்றால் அயலவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. மசாஜ் நிலையத்தில் வேலை என்றால் முகம் மாறிவிடுகிறது. அதனால் கொழும்பிலும் பேருவளை, பெந்தோட்டைக் கரையோரத்திலும் இத்தொழில் செய்த நாங்கள், விடுமுறைக்கு ஊர் வரும்போது 'ஹோட்டலில் வேலை' என்று மட்டும் சொல்லிவைத்தோம். இந்தக் கூச்சத்தை எங்கள் தாய் தகப்பனைவிட நன்றாக அறிந்திருந்தவர்கள் எங்கள் முகாமையாளர்கள். வெளியே சொல்ல முடியாதவளை எப்படியும் நடத்தலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது இழிவான தொழிலன்று. ஆயுர்வேதத்தில் அது சிகிச்சையின் ஓர் அங்கம். இந்த நாட்டில் ஆயுர்வேதத்துக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பிள்ளைப்பேற்றின் பின் தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் தேய்த்துவிட்ட பாட்டிமாரை நாம் கைராசிக்காரி என்றுதானே மதித்தோம்? அதே கை சம்பளத்துக்கு வேலை செய்யும்போது மட்டும் ஏன் மதிப்பிழக்க வேண்டும்?

எங்கள் அனுபவத்தில் மிகப் பெரிய அநீதி காத்திருப்பில் நடந்தது. காலை ஒன்பது மணிக்குச் சீருடையோடு நிற்க வேண்டும். ஆள் வராத நேரத்தில் துவாய் மடிப்போம், நிலம் துடைப்போம், எண்ணெய்ப் போத்தல்களை நிரப்புவோம். கடைக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவர அனுமதியில்லை. இரவு எட்டு மணிக்குக் கொப்பியைத் திறந்து, "இன்றைக்கு உனக்கு ஒராள்தான்" என்று அந்த ஒருவருக்குரிய தரகுப் பணத்தை மட்டும் எழுதுவார்கள். மற்றப் பத்து மணித்தியாலமும் யாருடையவை? சர்வதேச தொழில் தாபனத்தின் 1930ஆம் ஆண்டு 30ஆம் இலக்கச் சமவாயம், ஊழியர் தொழில் கொள்வோரின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்று வரையறுக்கிறது. வாசலைத் தாண்ட விடாமல் வைத்திருந்துவிட்டு, 'நீ வேலை செய்யவில்லை' என்று சொல்வது எந்த நியாயம்?

முகாமையாளர்களுக்கும் கஷ்டம் இருந்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 2018இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்த நாட்டுக்கு, 2019 குண்டுவெடிப்புகளுக்கும் பெருந்தொற்றுக்கும் பின்னர், 2021இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. அக்காலத்தில் 'நிலைமை சீராகும் வரை' என்று சொல்லி எங்கள் அடிப்படைச் சம்பளத்தை நிறுத்தித் தரகுக்கு மாற்றினார்கள். நாங்களும் பொறுத்துக்கொண்டோம். 2024இல் பயணிகளின் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. கட்டில்கள் நிரம்பின, விலைப்பட்டியல் புதிதாக அச்சடிக்கப்பட்டது. எங்கள் அடிப்படைச் சம்பளம் மட்டும் திரும்பி வரவில்லை. நட்டத்தில் பங்கு கேட்டவர்கள் இலாபம் வந்தபோது எங்களை மறந்துவிட்டார்கள்.

தேசிய ஆகக்குறைந்த வேதனம் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அன்று மாதம் 10,000 ரூபா. 2025 ஏப்ரலில் 27,000 ரூபா. 2026 ஜனவரி தொடக்கம் 30,000 ரூபா. நாள் தவறாமல் வேலைக்கு வந்தவளுக்கு, வாடிக்கையாளர் குறைந்த மாதத்தில் அதிலும் குறைவாகக் கொடுப்பது தரகுமுறை அன்று, சட்டமீறல். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் 12 என்று செலுத்த வேண்டும்; நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொள்வோர் மேலும் 3 செலுத்த வேண்டும். தரகுக்கு வேலை செய்பவர் என்பதற்காக இவற்றைத் தவிர்க்க முடியாது. எங்களில் ஒருத்தியின் சம்பளத்தில் இரண்டு வருடமாக 8 வீதம் கழிக்கப்பட்டது. தொழில் அலுவலகத்தில் விசாரித்தபோது அவள் பெயரில் ஒரு சதமும் கட்டப்பட்டிருக்கவில்லை.

கை நோவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆள் நிறைந்த நாட்களில் மூச்சுவிட நேரமின்றி ஆறு ஏழு பேருக்குத் தொடர்ந்து பிடித்துவிட வேண்டும். பெருவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் நோ தொடங்கும். கட்டிலை எங்கள் உயரத்துக்கு ஏற்றபடி வைத்தால், விரலுக்குப் பதிலாக முன்கையைப் பாவிக்கப் பழக்கினால், இடையில் சிறிது ஓய்வு தந்தால் அந்த நோவைப் பெரிதும் குறைக்கலாம். ஒரு சதமும் செலவில்லாத இந்த யோசனையைச் சொன்னபோது, "ஏலாதென்றால் வீட்டுக்குப் போ, வெளியில் பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்பதே பதிலாக வந்தது.

எல்லாவற்றிலும் கொடியது இன்னொன்று. வாடிக்கையாளர் ஒருவர் கை நீட்டினால், தகாத வார்த்தை பேசினால், நாங்கள் அறையை விட்டு வெளியேறி முறையிடுவோம். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கும்படி எங்களையே திருப்பி அனுப்பினார்கள். போதாதற்கு அன்றைய தரகையும் வெட்டினார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் தொந்தரவை ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் பொலிசுக்குப் போனால் 'இந்த வேலைக்கு ஏன் போனாய்?' என்ற கேள்விதான் முதலில் வரும் என்று பயந்து நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். முகாமையாளரின் பலம் அவரிடம் இருக்கவில்லை; எங்கள் பயத்தில் இருந்தது.

இப்படித்தான் நடத்த வேண்டும் என்று விதியா? இல்லை. எங்களில் இருவர் பின்னர் வேலை செய்த ஒரு சிறிய நிலையத்தில் பொறுப்பாக இருந்த அம்மா, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் கால்மணி நேரம் விட்டார். யாருக்கு எந்த முறை என்பதைச் சுவரில் எழுதி ஒட்டினார். அடிப்படைச் சம்பளமும் அதற்கு மேல் தரகும் கொடுத்தார். தகாதபடி நடந்த ஒருவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாசலைக் காட்டினார். அந்த நிலையம் மூடப்படவில்லை. வேலைக்கு வந்தவர்கள் நிலைத்து நின்றார்கள். அவர்களின் கை பழகிய வாடிக்கையாளர்களும் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

ஆகவே பெற்றோரிடமும் மாதர் சங்கங்களிடமும் கிராமத்துப் பெரியவர்களிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போகிறாள் என்றால் தடுக்காதீர்கள், மறைக்கவும் சொல்லாதீர்கள். நியமனக் கடிதம் கையில் கிடைத்ததா, அதில் அடிப்படைச் சம்பளமும் வேலை நேரமும் எழுதியிருக்கின்றனவா, சேமலாப நிதி இலக்கம் தந்தார்களா என்று கேளுங்கள். வந்து போன நேரத்தை நாளாந்தம் ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முறையீடு செய்ய அந்தக் கொப்பி உதவும். தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தால் அவளைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள்.

ஊரில் தலைநிமிர்ந்து தன் தொழிலின் பெயரைச் சொல்லக்கூடிய பெண்ணை எந்த முகாமையாளரும் இலகுவில் மிரட்ட முடியாது. எங்களுக்கு அந்தத் துணிவு பிந்தித்தான் வந்தது. எங்களுக்குப் பின்னால் போகிற தங்கைமாருக்கு அது வீட்டு வாசலிலேயே கிடைக்கட்டும்.