போத்தலில் விற்கப்படும் பொய்

இயந்திரத்திற் படிந்த கரியைக் கழுவலாம். அறிவிற் படிந்த கரியை எதனாற் கழுவுவது? குடாநாட்டின் உதிரிப்பாகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் போத்தல்களைக் காணுந்தோறும் இவ்வினாவே எம் நெஞ்சில் எழுகின்றது. "டீசற் தாங்கியில் ஊற்றுங்கள், கரி முழுவதும் கரைந்தோடும்" என்கின்றனர் விற்போர். வைத்தியரின் காருக்கும் வெங்காயம் ஏற்றும் கமக்காரனின் வாகனத்துக்கும் இதே வாக்குறுதிதான். பாதி உண்மையை முழு விலைக்கு விற்கும் வாக்குறுதி!

கரியை நாம் அறியாதவர்களல்லர். 1990இல் குடாநாட்டுக்கு எரிபொருள் தடுக்கப்பட்டபின், சிறிது பெற்றோல் விட்டு இயந்திரத்தை முடுக்கி, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் ஓட்டிய மண் இது. பொருந்தா எரிபொருள் அரைகுறையாய் எரிந்தாற் கரி படியும் என்பதைத் தெருவிற் பட்டுக் கற்றவர் நாம்.

இன்றைய டீசல் வாகனத்திற் கரி படியும் இடங்கள் பல. எண்ணெயைப் பீச்சும் இன்ஜெக்டரின் நுண்துளை ஒன்று. புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் ஈ.ஜி.ஆர். வால்வும் காற்று உட்செல்லும் குழாயும் மற்றொன்று. அங்கே கரி ஒயில் ஆவியோடு கலந்து களிபோல் இறுகுகின்றது. தரமான கலவை முதலாவதைத் தணிக்கக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், டீசல் நேரே எரியறைக்குள் பீச்சப்படுகின்றது. காற்றுக் குழாயின் வழியே அது செல்வதில்லை. செல்லாத வழியை எங்ஙனம் துப்புரவாக்கும்? கிழக்கு வாய்க்காலில் இறைத்த நீர் மேற்குத் தறையின் வெங்காயத்தை நனைக்குமா?

அக்கரி போகப் பாகத்தைக் கழற்றித் துப்புரவு செய்தல் வேண்டும். ஒயிலையும் வடிகட்டிகளையும் உரிய காலத்தில் மாற்றல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, டீசல் டீசலாகவே இருத்தல் வேண்டும். 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை, 400 ரூபாவைத் தாண்டியிருந்த டீசலுக்கும் அதற்கும் இடையிலான பள்ளம் கலப்படக்காரனுக்கு அழைப்போலையாக இருந்தது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் மசகு குறையும். உயரழுத்தப் பம்பு தேயும். தேய்ந்த இரும்பை எந்தப் போத்தலும் வளர்த்துத் தராது.

சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மக்களை மயக்கும் வணிக நடத்தையைத் தடைசெய்கின்றது. விற்பவர் அளித்த உத்தரவாதம் பொய்த்தால், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆகவே பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள், பத்திரப்படுத்துங்கள்!

அதிகார சபையிடம் நாம் கேட்பவை இரண்டு. எப்பாகத்தைத் துப்புரவாக்கும், எதனை ஆக்காது என்பதை ஒவ்வொரு போத்தலிலும் தமிழிற் பொறிக்கச் செய்க. விற்பனையிலுள்ள கலவைகளைச் சோதித்து முடிவைப் பகிரங்கப்படுத்துக.

வெங்காயம் விற்ற காசு வியர்வை விற்ற காசு. அதனைப் புகையாய் விட நாம் ஆயத்தமில்லை!