சொத்து நம்முடையது, கணக்கு யாருடையது?

ஊரார் பலர் கூடிப் பணம் போட்டு ஒரு கிணறு வெட்டுகிறார்கள். தண்ணீரும் நன்றாய் ஊறுகின்றது. ஆனால் வாய்க்கால் முழுவதும் ஒரு மிராசுதாருக்குச் சொந்தம். யாருக்கு எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று எழுதுகிறவரும் அவருடைய கணக்குப்பிள்ளையே. இதை ஊராருடைய கிணறு என்று எப்படிச் சொல்லுவது? ஊர்ப் பொது மின்சாரம் என்று இன்று பல தேசங்களில் பேசப்படும் விஷயமும் இத்தகையதேயாகும்.

உதாரணமாக, அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். சொந்தக் கூரையில்லாத வாடகைக் குடியும் சூரிய மின்சாரத்தில் பங்கு பெறுவதற்கு வழியாக அங்கு 2013-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். பலர் சேர்ந்து வைக்கும் மின் நிலையத்துக்குச் சூரியத் தோட்டம் என்று பேர். அப்போது செய்த சட்டப்படி ஒரு தோட்டத்துக்குக் குறைந்தது 5 பங்குதாரர் வேண்டும் என்றிருந்தது. எவருக்கும் 40 சதவிகிதத்துக்கு மேல் பங்கு கூடாது. ஒரே பணக்காரர் வளைத்துக்கொள்ளாதபடி செய்த இவ்விதியை நாம் பாராட்டுகின்றோம்.

ஆனால் விளையும் மின்சாரம் பங்குதாரர் வீட்டுக்கு நேரே வருவதில்லை. எக்செல் என்னும் கம்பெனியின் கம்பியில் போய்க் கலந்துவிடுகின்றது. அதற்கு ஈடாகக் கம்பெனி அவருடைய பில்லில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கின்றது. ஆகவே, யூனிட்டுக்கு என்ன விலை கழிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது. முதலில் சில்லறை விலையையொட்டிக் கழித்தார்கள். 2017 முதல் புதிய தோட்டங்களுக்கு, சூரிய மின்சாரத்தின் மதிப்பு என்பதாக வேறொரு கணக்குப் போட்டார்கள். 2024-ல் பழைய தோட்டங்களையும் அக்கணக்குக்கே மாற்றும்படி ஆணையம் தீர்மானித்தது. பழைய விலையை நம்பிச் சேர்ந்தவர்கள் கதி என்ன?

கழிவு அதிகமானால் பங்கில்லாதவர்கள் பில்லில் அப்பாரம் ஏறும் என்று சமாதானம் சொல்லப்படுகின்றது. இதில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. கம்பிக்கும் கம்பத்துக்கும் செலவுண்டு. அச்செலவைப் பகிரங்கமாய்க் காட்டி, இத்தனை வருஷத்துக்கு இதுதான் விலை என்று முதலிலேயே எழுதிவைப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் கேட்கின்றோம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தோட்டம் நடத்துகிறவர் ஒரு பில்லும் கம்பெனி ஒரு பில்லும் அனுப்புவது வழக்கமாயிருந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்தாலன்றி லாபமா நஷ்டமா என்று விளங்காது. நியூயார்க் மாகாணத்தில் 2019-ல் ஒரே பில்லில் இரண்டும் தீர உத்தரவாயிற்று. அதற்குக் கம்பெனி எடுக்கும் கூலி கழிவுத் தொகையில் 1 சதவிகிதமே. அங்கு முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

பங்குதாரர் தம் பில்லைத் தாமே கூட்டிச் சரிபார்க்கும்படியான விதி எங்கே இல்லையோ, அங்கே பொதுச் சொத்து என்பது வெறும் பேச்சேயாகும் என்பதே நமது அபிப்பிராயம்.