பென்ஷன் வந்தவர்கள் உட்கார ஓர் இடம்



அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால், பல ஊர்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒன்றைக் காட்டுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் இல்லை. ஆனால் அதுதான் அடையாளம். மழை பெய்தால் வெள்ளாமை, பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது என்று நாளை ஓட்டும் மானாவாரி ஊர்கள் இவை. தறிக்கும் பட்டாசு வேலைக்கும் போகாத பையன்களுக்குப் பட்டாளம் ஒரு வழி. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து, லடாக், அசாம், ராஜஸ்தான் என்று பதினேழு வருடம் சுற்றிவிட்டு, பலர் நாற்பதைத் தொடும் முன்பே 'பென்ஷன் வந்து' விடுகிறார்கள். அதற்குப் பிறகு இன்னும் முப்பது நாற்பது வருடம் இருக்கிறதே, அந்த வருடங்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் முன்னாள் படைவீரர்கள் சிலர் கூடும் அறை ஒன்றுக்குச் சமீபத்தில் போயிருந்தேன். கடைக்கு மேலே மாடியில் வாடகை அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பீரோ, சுவரில் யானைச் சின்னத்தோடு மெட்ராஸ் ரெஜிமெண்ட் காலண்டர். மூத்த சுபேதார் ஒருவர், கணவரை இழந்த ஓர் அம்மாவின் காகிதங்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் கணவர் எழுதிக் கொடுத்து, 'பார்ட் டூ ஆர்டர்' என்ற படைப் பதிவில் ஏறிய மனைவி பெயர் ஒரு மாதிரி இருக்கிறது. ஆதாரில் இருப்பது வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்தால்தான் குடும்ப ஓய்வூதியம் வரும். "அண்ணே, அலகாபாத் பென்ஷன் ஆபீசுக்கு நேர்ல போகணுமா?" என்று அந்த அம்மா கேட்டார். "வேண்டாம் தங்கச்சி, முதல்ல ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுவோம். அங்க சரியாச்சுன்னா மத்தது தானா நகரும்" என்றார் சுபேதார். எந்தக் காகிதத்துக்குப் பின் எந்தக் காகிதம் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

மூலையில் இருந்த இளைய ஹவில்தார் அதிகம் பேசவில்லை. கிளம்பும் நேரத்தில், பனிமலையில் இருந்த நாட்களைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். "வீட்ல சொன்னா பயந்துருவாங்க சார். இங்க சொன்னா தலையாட்டுவாங்க" என்றார். அந்த அறை எதற்காக என்று அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இதைப் போன்ற தேவையை உணர்ந்து நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பெண் செயல்பட்டிருக்கிறார். எத்தல் மெக்கால் என்ற அந்த நர்ஸ், தென்னாப்பிரிக்கப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கவனித்தவர். லண்டனில் அதிகாரிகளுக்கு அருமையான கிளப்புகள் இருந்தன. ஆனால் ஊருக்குப் போகிற வழியில் ரயில் மாற இறங்கும் சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு சுத்தமான கட்டில்கூடக் கிடைக்கவில்லை. மெக்கால் முன்னின்று, மக்களிடம் நன்கொடை திரட்டி, வாட்டர்லூ ரயில் நிலையத்தின் அருகே 'யூனியன் ஜாக் கிளப்' எழுந்தது. 1907-ல் மன்னர் ஏழாம் எட்வர்ட் திறந்துவைத்தார். அதிகாரி அல்லாதவர்களுக்கென்றே கட்டிய கிளப் அது. பழைய கட்டடத்தை இடித்து 1970-களில் புதிதாகக் கட்டினார்கள், இன்றும் நடக்கிறது.

வடக்கே பணிபுரியும் நம் ஊர்ப் பையன் விடுமுறையில் வருவதை நினைத்துப் பாருங்கள். கறுப்பு டிரங்குப் பெட்டியோடு சென்னை சென்ட்ரலில் இறங்குகிறான். தென்மாவட்ட ரயிலுக்கு எழும்பூர் போகவேண்டும். இடையில் பல மணி நேரம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கழிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாட்டர்லூவில் மெக்கால் பார்த்ததும் இதைத்தான்.

நம்மிடமும் கிளப்புகள் உண்டு. நீலகிரியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கும் அதே வெலிங்டனில் 1873-ல் தொடங்கிய ஜிம்கானா கிளப் இருக்கிறது. சென்னைத் தீவுத்திடலில் இருக்கும் ஜிம்கானா 1884-ல் தொடங்கியது. பெருநகரங்களில் அதிகாரிகளுக்கென்று நல்ல மன்றங்கள் இருக்கின்றன. அவை இருக்கட்டும், எனக்கு அதில் குறையில்லை. பல மாவட்டங்களில் படைவீரர் ஓய்வு இல்லங்களும் இருக்கின்றன. வெளியூர் வேலையாகப் போகிறவருக்கு ஓர் இரவு தங்க அவை உதவும். ஆனால் திருச்சுழி ஹவில்தார் தன் கூட்டாளிகளை வழக்கமாகச் சந்திப்பது கேண்டீன் வரிசையில்தான். முன்பெல்லாம் நவம்பர் மாத உயிர்வாழ்வுச் சான்றுக்காக வங்கி வாசலில் கூடுவார்கள். 2014-ல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்த பிறகு அதையும் கைரேகை வைத்து முடித்துவிடலாம். முதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. கூடப் பேசிக்கொண்டு நிற்க இருந்த ஒரு நாள் போனதும் உண்மை.

அவர்கள் கூடி உட்கார ஒரு பொதுக்கூடம் வேண்டும். அருப்புக்கோட்டை அதைச் செய்யக்கூடிய ஊர் என்று நம்புகிறேன். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு பிடித்துப் பள்ளிக்கூடம் நடத்திய மண் இது. உறவின்முறைகளுக்குச் சொந்தமாக மண்டபங்கள் இருக்கின்றன. ஆனால் அவை அந்தந்தச் சமூகத்துக்கு உரியவை. பட்டாளத்து லங்கரில் ஒரே வரிசையில் தட்டேந்திச் சாப்பிட்டுப் பழகியவர்கள், ஊருக்குத் திரும்பியதும் தனித்தனி மண்டபங்களுக்குப் பிரிந்து போகிறார்கள். அவர்கள் மறுபடி ஒன்றாக உட்காரும் ஒரு கூடம் இந்த ஊருக்கே நல்லது செய்யும். பெரிய கட்டடம் வேண்டாம். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நான்கு கட்டில், ஒரு கணினி, ஸ்பர்ஷ் தளத்தில் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துத் தர விவரம் தெரிந்த ஒருவர், பெண்கள் தயங்காமல் வந்து உட்கார ஒரு தனி அறை. இவ்வளவு போதும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையன்களில் நான்கில் ஒருவர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் நான்கு வருடத்தில் ஒரு தொகையோடு திரும்புவார்கள். அந்த விதிகளின்படி அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, கேண்டீன் அட்டையும் இல்லை. ஊரில் அவர்களை யார் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்? நான் இதைக் கேட்டபோது சுபேதார் யோசிக்கவே இல்லை. "யூனிபார்ம் போட்டவன் எல்லாம் நம்ம பயதான், வரட்டும்" என்றார். கூடம் எழுந்தால், அதன் விதிகளில் இது முதலில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

டிசம்பர் 7 கொடிநாள். அதையொட்டி வரும் இதழில், நம் கரிசல் ஊர்களிலிருந்து பட்டாளம் போனவர்களுக்காகச் சில பக்கங்கள் ஒதுக்குகிறோம். உங்கள் அப்பா, தாத்தா, அண்ணன் எழுதிய கடிதங்கள், படங்கள் இருந்தால் அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம். பெட்டி கட்டி அனுப்பிவிட்டு வருடக்கணக்கில் வீட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்ட அம்மாக்களும் அக்காக்களும் அவசியம் எழுத வேண்டும். எழுத வராது என்றால் ஒரு தகவல் கொடுங்கள், நாங்களே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். அருப்புக்கோட்டையில் கூடத்துக்கு இடம் தரவோ, வாடகையில் பங்கெடுக்கவோ முடிந்தவர்களும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்; அந்த மாடி அறைக்காரர்களிடம் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்